சயாம் ரயில்பாதை நூல்கள்: எழுதியவர்களும் எழுதப்படாதவர்களும்

இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் மக்கள் பட்ட பாட்டைப் பேசும் நூல்களில் ஒரு பெருந்தொகுதி, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் காட்டுக்குள் போட்ட ஒரே ரயில்பாதையைச் சுற்றி எழுந்தது. அங்கே வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகளின் நாட்குறிப்புகளும் தன்வரலாறுகளும் 1946 முதல் தொடர்ந்து அச்சேறி வந்துள்ளன. அவற்றை ஒட்டிப் பிறந்த நாவல்களும் திரைப்படங்களும் வேறு. ஆனால் அந்தப் பாதையில் மண் வெட்டியவர்களுள் போர்க்கைதிகள் சிறுபான்மையினரே. அவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தவர்கள் பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அங்கே போன தமிழரின் அனுபவம் தமிழில் முழு நூலாகத் திரள அரை நூற்றாண்டு பிடித்தது. திரண்டபோதும் அது நாவலாகவே வந்தது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு வெள்ளையரின் பாராமுகத்தையும் பதிப்பகங்களின் விருப்பு வெறுப்பையும் காரணம் காட்டுவது எளிது, அவற்றில் உண்மையும் உண்டு. எனினும் அதன் வேர் அந்த முகாம்களிலேயே, யாருக்குப் பெயரேடு இருந்தது, யாருக்கு இல்லை என்பதிலேயே இருக்கிறது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின், பர்மாவில் நிலைகொண்ட தன் படைகளுக்கு அரிசியும் வெடிமருந்தும் அனுப்ப ஜப்பானுக்கு இருந்த முக்கிய வழி மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குச் செல்லும் கடல்வழியே. நேசநாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்த வழியில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்ததால், தரைவழி ஒன்று உடனடித் தேவையாயிற்று. சயாமில் பான் போங் நகரை அடுத்த நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, மலையும் மூங்கிற்காடும் ஆற்றோரச் செங்குத்துப் பாறையுமாகக் கிடந்த நிலத்தில், 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் கொங்கோய்த்தா என்னுமிடத்தில் இரு முனைகளும் சந்தித்தபோது முடிந்தது. பெரிய இயந்திரங்கள் மிகக் குறைவு. மண்வெட்டியும் கூடையும், இரண்டு மூங்கில் கழிகளுக்கிடையே சாக்கைக் கட்டி இருவர் சுமக்கும் தூளியும், பாறையில் ஒருவர் உளியைப் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடிப்பதுமே அந்தப் பாதையின் பொறியியல். 1943-இன் தொடக்கத்தில் வேலையை விரைவில் முடிக்க மேலிடத்து ஆணை வந்ததும், காவலர்கள் ‘ஸ்பீடோ’ என்று கத்தியபடியே அடித்து வேலை வாங்கினர். கைதிகள் அந்த மாதங்களுக்கே அதைப் பெயராக வைத்துவிட்டனர். மே மாதத்தில் பருவமழையோடு காலராவும் இறங்கியது. போர்க்கைதிகளில் 60,000-க்கு மேற்பட்டோர் வேலை செய்து, 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகையை 1,80,000 என்பாரும் 2,50,000-க்கு மேல் என்பாரும் உண்டு. இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேற்பட்டோர் போயினர், அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். கைதிகளைப் பற்றிய எண் ஒவ்வொருவராக எண்ணிச் சொன்னது. தொழிலாளரைப் பற்றிய எண் பின்னாளில் ஊகித்துச் சொன்னது.

எண்ண முடிந்ததற்குக் காரணம், சரணடைந்த பின்னும் கைதிகள் ராணுவமாகவே இருந்தனர் என்பதாகும். பட்டாளம், பிரிவு, அதிகாரி, எழுத்தர், மருத்துவர், பாதிரியார் என்று சரணடைவதற்கு முன்பிருந்த கட்டமைப்பு முழுவதும் முள்வேலிக்குள் அப்படியே தொடர்ந்தது. எந்த முகாமில் எத்தனை பேர், யார் நோயாளி, யார் எந்த நாளில் எந்த நோயில் இறந்தார், எந்தக் குழியில் எத்தனையாவது ஆளாகப் புதைக்கப்பட்டார் என்பதெல்லாம் தினமும் எழுதப்பட்டன. அந்தப் பழக்கமே உயிரையும் காத்தது. ஏனென்றால் கழிப்பிடக் குழியை எங்கே வெட்டுவது, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்பது, காலரா கண்டவரைத் தனிக் கூடாரத்துக்கு மாற்றுவது ஆகிய எல்லாவற்றுக்கும் ஆணையிட ஒருவரும் அதற்குப் பணிய மற்றவர்களும் இருந்தனர். அப்படி இருந்தும் 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து அனுப்பப்பட்டு, பான் போங்கிலிருந்து மழையில் கால்நடையாகவே மேல்முகாம்களுக்கு ஓட்டப்பட்ட ‘எஃப் படை’ என்னும் 7,000 பேரில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்றால், ஆணையிட ஆளில்லாத தொழிலாளர் முகாம்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

நாட்குறிப்பு எழுதுவதற்கு ஜப்பானியர் தடை விதித்திருந்தனர். கெம்பெய்தாய் என்னும் ராணுவக் காவல்துறை திடீர்ச் சோதனைக்கு வரும்போது எழுதிய தாள் அகப்பட்டால் அடியும் சித்திரவதையும் நிச்சயம். ஆகவே கிடைத்த துண்டுத்தாள்களில் பொடி எழுத்தில் எழுதி, மூங்கிலின் கணுக்களுக்கிடையே செருகியும், தகரத்திலும் புட்டியிலும் அடைத்து மண்ணில் புதைத்தும், இறந்தவரின் குழியிலேயே அவரோடு சேர்த்து வைத்தும் காத்தனர். ரொனால்டு சியர்ல் என்னும் இளம் ஓவியர், வரைந்த படங்களைக் காலரா கண்டு சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்கடியில் மறைத்துவைத்தார். தொற்றுக்கு அஞ்சிக் காவலர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஆஸ்திரேலிய அறுவைமருத்துவர் எட்வர்டு டன்லப், காலையில் எத்தனை நோயாளிகளை வேலைக்கு அனுப்புவது என்று ஜப்பானியப் பொறியாளரோடு நடந்த வாதத்தையும் அன்றன்று நோயுற்றோர் தொகையையும் விடாமல் குறித்துவந்தார். அந்த நாட்குறிப்பு 1986-இல்தான் நூலாயிற்று. போர் முடிந்த சில வாரங்களிலேயே, கல்லறைகளைத் தேடும் குழு ஒன்று, முன்னாள் கைதிகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு பாதை நெடுகச் சென்று, மறைத்துவைத்த ஏடுகளின் துணையால் 10,000-க்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டறிந்தது. கஞ்சனபுரியின் போர்க் கல்லறைத்தோட்டத்தில் இன்று ஏறத்தாழ 7,000 பேர் பெயர்பெயராகக் கிடப்பது அந்தத் துண்டுத்தாள்களின் பயன்.

நூல்களும் அதே ஏடுகளிலிருந்து கிளைத்தவையே. 1946-இலேயே ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ரோஹன் ரிவெட்டின் ‘பிஹைண்ட் பாம்பூ’வும் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கோஸ்டின் ‘ரெயில்ரோடு ஆஃப் டெத்’தும் வந்துவிட்டன, இரண்டிலும் சூடு ஆறாத கோபம் இருக்கிறது. 1952-இல் வந்த ரஸ்ஸல் பிராடனின் ‘தி நேக்கட் ஐலண்ட்’, சியர்லின் படங்களோடு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எர்னஸ்ட் கார்டனின் 1962-ஆம் ஆண்டு நூல் முகாமைச் சமயப் பற்றின் பள்ளியாகக் கண்டது. ரகசிய வானொலி வைத்திருந்ததற்காகவும் கையால் வரைந்த வரைபடத்துக்காகவும் சித்திரவதைப்பட்ட எரிக் லோமாக்ஸ், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தன்னை விசாரித்தபோது உடனிருந்த ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் நாகாசே தகாஷியைச் சந்தித்ததைச் சொல்லும் ‘தி ரெயில்வே மேன்’ 1995-இல் வெளியாயிற்று. கைதியாக இருந்த ஒருவரின் மகனான ரிச்சர்டு ஃபிளானகன் எழுதிய நாவல் 2014-இல் புக்கர் பரிசு பெற்றது. கைதியிடமிருந்து மகனுக்குச் சொல்லும் உரிமை கைமாறி வந்திருப்பதை இந்த வரிசையில் காணலாம்.

இந்த நூல்கள் அனைத்தையும்விட உலகம் அறிந்தது, அந்தப் பாதையில் ஒருநாளும் வேலை செய்யாத ஒருவர் எழுதிய கதை. 1952-இல் பிரெஞ்சில் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய நாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராக இருந்தவர். போரில் அவரைச் சிறைவைத்தது இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சு விஷி அரசு. பால்வெட்டும் தமிழரை அன்றாடம் கண்ட மனிதர் அவர் என்பதை எண்ணும்போது, அந்த நாவலை ஒட்டி டேவிட் லீன் 1957-இல் இலங்கையின் கித்துல்கலவில் களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டிப் படமாக்கிய கதையில் ஆசியத் தொழிலாளருக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பது வியப்பாகத்தான் இருக்கிறது. பாலம் உண்மையில் நின்றது மே குளோங் ஆற்றின்மீது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் ஆறு எங்கே என்று கேட்கத் தொடங்கியதால், 1960-இல் தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்கு குவாய் யாய் என்று பெயர் சூட்டிவிட்டது. கற்பனை நூல் ஒன்று நிலவியலையே திருத்திய அரிய நிகழ்வு இது.

கைதிகளின் நூல்களில் தமிழர் வராமல் இல்லை. மேல்முகாம்களுக்குப் போகும் வழியில் கிடக்கும் பிணங்களாகவும், மழையில் கூரையற்ற கொட்டகைகளில் முடங்கிய கூட்டமாகவும், தாய் தந்தை இருவரும் போய் நின்ற குழந்தைகளாகவும் வருகின்றனர். எழுதியவர்கள் இரங்கியே எழுதினர். ஆனால் அந்தப் பக்கங்களில் தமிழர் பெரும்பாலும் சாகின்றனர், பேசுவதில்லை. இதற்கு மொழி மட்டும் தடையன்று. கைதிகளுள் மலாயாத் தொண்டர்படையைச் சேர்ந்த தோட்டத் துரைமார் பலர் இருந்தனர், தோட்டத்தை நடத்த வேண்டியிருந்ததால் அவர்களுக்குத் தமிழ் பேச வரும். போருக்கு முன் மலாயாவில் தோட்ட மருத்துவராக இருந்த ராபர்ட் ஹார்டி எழுதி, லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1983-இல் வெளியிட்ட ரகசிய நாட்குறிப்பு, நிதானமும் செடிகொடிகளை உற்று நோக்கும் கண்ணும் கொண்ட நூல். இந்த வரிசையில் மிகை குறைந்தது எதுவென்றால் அதையே சொல்லலாம். 1943-இல் சாங்கியிலிருந்து ‘கே படை’, ‘எல் படை’ என்று கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் தொழிலாளர் முகாம்களுக்கென்றே அனுப்பப்பட்டனர். தமிழர் முகாம்களைப் பற்றி அன்றைக்கே எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இவர்களுடைய அறிக்கைகளும் நினைவுகளும்தாம். அவற்றில் நோய் இருக்கிறது, மருந்தின்மை இருக்கிறது, எண் இருக்கிறது. அந்த மனிதர் எந்தத் தோட்டத்தார், யாருடன் வந்தார், எப்படி வந்தார் என்பது இல்லை; மருத்துவ அறிக்கை அதைக் கேட்பதும் இல்லை.

எப்படி வந்தார் என்பதை அறியத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் குடியேறியது பெரும்பாலும் கங்காணி முறையில். கங்காணி என்பவர் தம் ஊரிலும் சாதியிலும் ஆள்சேர்த்துக் கொண்டுவந்து, தோட்டத்தில் அவர்களை மேய்க்கும் தலைவர். அவருக்கு மேல் கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தர், அவருக்கு மேல் வெள்ளைக்காரத் துரை. தொழிலாளியின் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் கிராணி காலையில் பிரட்டுக்களம் என்னும் அணிவகுப்புத் திடலில் கூப்பிடும் செக்ரோல் என்னும் வருகை ஏடு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைக்கப்பட்ட பள்ளி பெரும்பாலும் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், அவரும் பலவேளை கிராணியோ கங்காணியோதான். எழுத்தறிவு அந்த அளவுக்குத்தான் ஊறியிருந்தது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் மலாயாவுக்கு ஆள்சேர்ப்பு வழியாகப் போவதைத் தடைசெய்தபின் ஊரோடு இருந்த போக்குவரத்தும் மெலிந்தது. 1942-இல் துரைமார் ஓடியோ சிறைப்பட்டோ போனதும், ரப்பர் ஏற்றுமதி நின்று, கூலியும் நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று, கோணிச்சாக்கே உடையாயிற்று, வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் செல்லாக்காசாயிற்று.

அந்தப் பசியின்மீதுதான் சயாம் வேலையின் அறிவிப்பு வந்து விழுந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, குடும்பத்தோடு வரலாம் என்பது வாக்குறுதி. முதலில் சிலர் தாமாகவே போயினர்; மூன்று மாதம் கழிந்தும் யாரும் திரும்பாதபோது ஆள் கிடைப்பது நின்றது, பிடித்துக்கொண்டு போவது தொடங்கியது. தெருவிலும் சந்தையிலும் லாரியை நிறுத்தி ஏற்றியதும், இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி அரங்கின் கதவை அடைத்து அப்படியே ரயிலில் ஏற்றியதும் தப்பிவந்தோரின் வாய்மொழியில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதைவிட வலிக்கும் செய்தி ஒன்றும் அதே வாய்மொழியில் இருக்கிறது. தோட்டத்துக்கு இத்தனை தலை என்று ஜப்பானியர் கேட்டபோது யாரை அனுப்புவது என்று பெயர் குறித்துக் கொடுத்தது பல இடங்களில் கிராணியும் கங்காணியும்தான். வேண்டாதவன், எதிர்த்துப் பேசியவன், கைநீட்டிக் கொடுக்க ஒன்றுமில்லாதவன் ஆகியோரின் பெயர்கள் முதலில் போயின. கைதிக்குப் பெயரேடு கல்லறைவரை காவலாக இருந்தது. தோட்டத் தமிழனின் பெயர் செக்ரோலுக்கு வெளியே ஏறிய ஒருமுறையும் அவனை அனுப்பிவைக்கத்தான் ஏறியது.

முகாமில் அவர்களுக்குப் பட்டாளமும் இல்லை, தமக்கென்று மருத்துவரும் இல்லை. அத்தாப்பு எனப்படும் ஒருவகைப் பனையோலை வேய்ந்த நீண்ட கொட்டகைகளில், பல தோட்டத்தாரும் பல ஊராரும் கலந்து கிடந்தனர். ஆற்றுநீரையே கொதிக்கவைக்காமல் குடித்தனர். காலரா வந்தபோது பிணத்தைப் புதைக்க வலுவுள்ள ஆளும் இல்லாமல் போயிற்று. ஓடியவர்களில் பலரைக் காடு கொண்டது. இவர்களை நினைத்து அங்கே முதலில் எழும்பிய நினைவுத்தூணைக் கட்டியவர்கள் ஜப்பானிய ரயில்வேப் படையினரே. 1944-இல் கஞ்சனபுரியில் பாலத்துக்கு அருகே அவர்கள் கட்டிய அந்தத் தூணில் பல மொழிக் கல்வெட்டுகளுள் தமிழும் ஒன்று. கொன்றவர்கள் வடித்த அஞ்சலியைக் குற்றவுணர்வு என்பதா, ராணுவச் சடங்கு என்பதா என்பது விவாதத்துக்குரியது. இறந்தவர்களின் மொழியில் அவர்களுக்கு அங்கே ஒரு வாசகம் கிடைத்தது அந்த வழியில்தான்.

போர் முடிந்ததும் இரு சாராரின் வழியும் மேலும் விலகிற்று. திரும்பிய கைதிக்குச் சங்கம் இருந்தது, ஓய்வூதியக் கோரிக்கை இருந்தது, நினைவுநாள் இருந்தது; 1951-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தத்தின் வழியாகச் சிறு தொகையும், பிரிட்டிஷ் கைதிகளுக்கு 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசே அறிவித்த 10,000 பவுனும் கிடைத்தன. இழப்பீடு கேட்பவர் தன் கதையை நாளும் இடமும் குறித்துச் சொல்லியாக வேண்டும் என்பதால், அந்தக் கோரிக்கைகளே எத்தனையோ நினைவுக்குறிப்புகளை எழுதவைத்தன. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழனுக்கு லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், தன் அறை இன்னொருவருடையதாகி இருந்தது. இறந்துவிட்டான் என்று நம்பி மனைவி மறுமணம் செய்துகொண்டதும் உண்டு. பெயர் குறித்துக் கொடுத்த கிராணி அதே பிரட்டுக்களத்தில் இன்னும் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், அங்கே யார் வாய் திறப்பார்? 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கெதிரான அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின் தோட்டத்தில் கூட்டமாகப் பேசுவதே சந்தேகத்துக்குரியதாயிற்று.

இன்னொரு நினைவும் குறுக்கே நின்றது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபின், தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர்; ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களிலும் தோட்டத்துப் பிள்ளைகள் மிகுதி. சேர்ந்தோரில் பலருக்கு நாட்டுப்பற்றோடு சயாமுக்குப் போகாமல் தப்பும் எண்ணமும் கலந்திருந்தது. இதைச் சொல்வதால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது. சீருடையும் கொடியும் பாட்டும் கொண்ட அந்த நினைவு விடுதலை பெற்ற இந்தியாவுக்கும் உகந்தது, மலாயாத் தமிழரின் தன்மானத்துக்கும் உகந்தது. ஜப்பானியரின் கையில் எலும்பாகித் திரும்பிய அண்ணனும் ஜப்பானியரின் தோழமைப்படையில் வீறுநடை போட்ட தம்பியும் ஒரே வீட்டில் இருந்தால், மேடையில் ஏறுவது தம்பியின் கதைதான்.

ஆகவே போர் அனுபவத்தைத் தமிழ் எழுதாமல் விட்டது என்று சொல்ல முடியாது. எழுதியவர்கள் வேறு வகையினர் என்பதே செய்தி. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது லட்சக்கணக்கான இந்தியரோடு கால்நடையாகத் தாயகம் திரும்பியதை ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்று நூலாக்கினார். பத்திரிகையாளரின் கணக்கும் பண்பும் தோய்ந்த உரைநடை அது. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் சுமத்ராவின் மேடானுக்குப் போய்க் கடையில் வேலைபார்த்து, 1946-இல் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றிய ப. சிங்காரம், ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) என்னும் இரு நாவல்களில் சுமத்ராவும் பினாங்கும் கண்ட போர்க்காலத்தைத் தமிழ் நாவலின் உச்சங்களுள் ஒன்றாக்கினார். ஆனால் சர்மா இதழாசிரியர். சிங்காரத்தின் மாந்தர் வட்டிக்கடைப் பையன்களும் வணிகரும் படையினரும். கணக்கேடு எழுதிப் பழகிய கைகள் அவை. பால்வெட்டும் கத்தி பிடித்த கை அங்கும் எழுதவில்லை.

சயாம் வேலையையே பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்கள் மலேசியாவிலிருந்து வந்தன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இலும், 1930-இல் பிறந்து ஜப்பானியர் காலத்தைச் சிறுவனாகக் கண்ட அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-இலும் வெளிவந்தன. ரெங்கசாமி அடுத்த ஆண்டே இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ‘இமயத் தியாகம்’ எழுதினார். மேடையேறிய நினைவும் ஏறாத நினைவும் ஒரே கையால் எழுதப்பட்டது அவரிடம்தான். மலேசியத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் செலவில், சில நூறு பிரதிகளாக அச்சாகி, ஆசிரியராலேயே விற்கப்படுபவை என்பதையும், பத்து லட்சம் விற்ற பிராடனின் நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்த முயற்சிகளின் அளவு விளங்கும்.

ஏன் நாவல் என்ற கேள்விக்கு விடை எளிது. தன்வரலாறு எழுத ஒருவருக்குத் தன் நாளும் தேதியும் வேண்டும்; தப்பிவந்த தொழிலாளியிடம் இருந்தது தேதியற்ற நினைவு. அதைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை எழுத உட்கார்ந்தபோது, பல வாய்களில் சிதறிக் கிடந்ததை ஒரு கதைத்தலைவனின் பயணமாகக் கோக்க நாவலே வசதியாயிற்று. கலை என்ற அளவில் இவற்றில் குறை சொல்ல இடமுண்டு. துயரத்தை ஒரே சுருதியில் நீட்டுவதும், இடையே வரலாற்றுச் செய்தியைப் பாடம்போல் சொல்வதும் வாசகரைச் சோர்வடையச் செய்யும். இருந்தாலும் வரலாற்றாசிரியருக்கு இவை தரும் ஒன்றைக் கைதிகளின் நூலகம் முழுவதும் சேர்ந்தும் தர முடியாது. கைதியின் நூல் ரயில் பான் போங்கில் வந்து நிற்கும்போது தொழிலாளியைக் காணத் தொடங்குகிறது. தமிழ் நாவல் அவனைத் தோட்டத்தில், பெயர் குறிக்கப்பட்ட இரவில், காணத் தொடங்குகிறது. சாகும் கூட்டமாக மட்டும் தெரிந்தவர்களுக்குச் சண்டையும் உறவும் சாதியும் சமையலும் கேலியும் அங்கேதான் திரும்பக் கிடைக்கின்றன.

நாவல்களைத் தொடர்ந்து ஆய்வும் வாய்மொழித் தொகுப்பும் வந்தன. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நடுவம் 1981-இலேயே ஜப்பானிய ஆட்சிக்காலத்தைப் பற்றிய நேர்காணல்களைத் தொடங்கிவிட்டது, மலேசியாவில் சீ. அருண் எஞ்சியிருந்தோரைத் தேடிச் சென்று கேட்டவற்றை ஆவணங்களோடு இணைத்து, மறக்கப்பட்ட வரலாறாகவே இந்தப் பாதையைத் தமிழில் எழுதினார். 2014-இல் ஆசியத் தொழிலாளரை மையமாக வைத்து மலேசியத் தமிழர் எடுத்த ஆவணப்படமும் வந்தது. இவற்றைப் பயன்படுத்துவோர் ஓர் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். எழுபது எண்பது வயதில் சொல்லப்படும் நினைவில் இருபது வயதின் அனுபவமும், இடையில் கேட்டதும், பார்த்த படமும் கலந்திருக்கும். குவாய் என்னும் ஆற்றுப்பெயரே சிலரின் நினைவுக்குள் படத்திலிருந்து புகுந்திருக்கக் கூடும். இறந்த தமிழரின் தொகையை லட்சக்கணக்கில் சொல்லும் வழக்கமும் அப்படிப்பட்டதே. 1947-ஆம் ஆண்டு மலாயா, சிங்கப்பூர்க் கணக்கெடுப்பில் இந்தியர் மொத்தம் ஏறத்தாழ 6 லட்சமே என்னும்போது, மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களையும் விஞ்சும் மரண எண்ணைச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. இழப்பின் கனம் அதைப் பெருக்கிச் சொல்வதில் இல்லை.

தொழிலாளியே எழுதிய நூல் இந்தப் பாதைக்கு அறவே இல்லாமலும் போகவில்லை. பா மாவின் தலைமையிலான பர்மிய அரசு ‘வியர்வைப் படை’ என்று பெயர் சூட்டித் திரட்டி அனுப்பிய தொழிலாளருள் ஒருவரான லின் யோன் திட் லுவின், தம் அனுபவத்தைப் பர்மிய மொழியில் 1960-களில் நூலாக எழுதினார். பர்மாவில் மடாலயப் பள்ளிகளின் தயவால் நாட்டுப்புற ஆண்களிடையே எழுத்தறிவு பரவலாக இருந்தது. ஊருக்கு இத்தனை பேர் என்று திரட்டியபோது படித்த இளைஞரும் அதில் அகப்பட்டனர். எழுதியவர் தம் நாட்டிலேயே, தம் மொழியே ஆட்சிமொழியாக இருந்த சூழலில் திரும்பி வாழ்ந்தார். மலாயாத் தோட்டத் தமிழனுக்கு இவை ஒன்றும் வாய்க்கவில்லை. வரலாற்றாசிரியர் பால் கிரடோஸ்கா 2006-இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்த ரயில்பாதை ஆவணத் திரட்டில், ஜப்பானியப் பொறியாளரின் அறிக்கைகளுக்கும் கைதி மருத்துவர்களின் குறிப்புகளுக்கும் இடையே அந்தப் பர்மியத் தொழிலாளியின் பக்கங்களும் ஆங்கிலத்தில் இடம்பெற்றுள்ளன.